சிறுநீரகம் தளர்ந்த பிள்ளைகளின் இருதயம்

விடிவதற்கு முன்பே கம்பம் பேருந்து நிலையத்திலிருந்து தேனிக்குப் புறப்படும் வண்டியில், குமுளி மலைப்பாதையை நோக்கி ஏலத்தோட்டக் கூலியாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளின் வெளிச்சம் எதிர்த்திசையிலிருந்து அடுத்தடுத்து வந்து ஜன்னலில் மோதிக்கொண்டிருக்க, ஆறு வயதாகியும் நான்கு வயதுக்குரிய வளர்த்தியே கண்ட தன் மகனை மடியில் சாய்த்துக்கொண்டு, பரிசோதனைச் சீட்டுகள் அடங்கிய துணிப்பையை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு தாய் அமர்ந்திருப்பதை, இப்பள்ளத்தாக்கில் அடிக்கடி பிரயாணம் செய்பவர் எவரும் கண்டிருக்கக்கூடும். பக்கத்து இருக்கையிலுள்ள மூதாட்டி பிள்ளையின் முகத்தை உற்றுப் பார்க்கிறாள்.

“மூஞ்சி ஊதுனாப்ல இருக்கே தாயி, யார்ட்டயாச்சும் காட்டுனியா?”

“காட்டுனேன் பெரியம்மா. ரத்தம் எடுத்துப் பாத்தாக. எல்லாம் நார்மல்னுதான் போட்டிருக்கு. சத்து இல்லையாம், டானிக் எழுதிக் குடுத்தாக.”

அந்தச் சீட்டில் ‘கிரியேட்டினின் 1.0’ என்றும், அதன் எதிரே ‘இயல்பு அளவு 0.7 முதல் 1.3 வரை’ என்றும் அச்சாகியிருக்கிறது. அச்சில் பிழை ஏதுமில்லை. ஆனால் அங்கே குறிக்கப்பட்ட இயல்பு அளவு வளர்ந்த மனிதருக்கு உரியது. தசைகளில் பிறந்து ரத்தத்தில் கலக்கும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள், தசை குறைந்த சிறு தேகத்தில் இயற்கையாகவே ஏறக்குறைய அதன் பாதியளவுதான் இருக்க வேண்டும். நூறு சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு அது 1.0 என்று வந்திருக்குமானால், அப்பிள்ளையின் சிறுநீரகங்கள் தங்கள் சக்தியில் பாதிக்கு மேல் இழந்துவிட்டன என்றே கொள்ள வேண்டும்.

நாள்பட்ட சிறுநீரக நோய் என்றதும் டயாலிசிஸையும் மாற்றுச் சிறுநீரகத்தையும் நினைக்கப் பழகிவிட்ட நாம், இந்நோய் கண்ட பிள்ளைகளின் ஆயுளைப் பறிக்கும் பெருங்காரணங்களுள் ஒன்று இருதயம் என்பதை நினைப்பதே இல்லை. அந்த அபாயத்தின் முன்னறிகுறிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே ரத்தத்திலும், ரத்தக்குழாயின் சுவரிலும், இருதயத் தசையிலும் தென்படத் தொடங்கிவிடுகின்றன. உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் புதிய புதிய குறிகளைத் தேடிக்கொண்டிருப்பது நன்றே. எனினும், அவற்றுள் இன்றியமையாத சிலவற்றை இன்றே, தேனி மாவட்டத்திலேயே, சொற்பச் செலவில் அளந்துவிட முடியும் என்பதும், அளக்காமல் விடுவதால் பிள்ளைகள் இழப்பது மிகப் பெரிது என்பதுமே இக்கட்டுரை சொல்ல வந்த செய்தி.

பெட்டிச் செய்தி: ஒரு சிறு கணக்கு

பிள்ளையின் உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, 0.413 ஆல் பெருக்கி, ரத்தத்திலுள்ள கிரியேட்டினின் அளவால் வகுக்க வேண்டும். ஷ்வார்ட்ஸ் என்னும் மருத்துவரும் அவருடைய சகாக்களும் 2009-இல் திருத்தி வெளியிட்ட சூத்திரம் இது. உயரம் 100, கிரியேட்டினின் 1.0 என்றால் விடை ஏறக்குறைய 41. இரண்டு வயது கடந்த பிள்ளைக்கு 90-க்கு மேல் இருப்பது இயல்பு. 60-க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். மிகவும் மெலிந்த பிள்ளைகளுக்கு இக்கணக்கு உண்மையைவிட நல்ல விடையைக் காட்டிவிடும். அவர்களுக்குச் சிஸ்டாட்டின்-சி என்ற வேறொரு ரத்தப் பரிசோதனை, தசையின் அளவை அதிகம் சாராததால், கூடுதல் நம்பகமானது.

இருபதுகளில் எண்பதின் இருதயம்

1998-இல் ஃபோலி, பார்ஃப்ரி, சார்னாக் என்ற மூவர் அமெரிக்க நோயாளிகளின் மரண விவரங்களைத் தொகுத்து ஆராய்ந்தபோது, டயாலிசிஸில் இருக்கும் இருபத்தைந்து முதல் முப்பத்துநான்கு வயதுக்குட்பட்ட இளைஞருக்கு இருதய நோயால் மரணம் நேரும் அபாயம், பொதுஜனங்களில் எண்பது வயது கடந்த முதியவருக்கு உள்ள அபாயத்துக்கு ஏறக்குறைய ஈடாக இருப்பதைக் கண்டு மருத்துவ உலகம் திடுக்கிட்டது. சிறு பிராயத்திலேயே டயாலிசிஸையோ மாற்றுச் சிறுநீரகத்தையோ நாடி, முப்பது வயதுக்குள் இறந்தவர்களின் கணக்கைப் பின்னர் அங்கே பார்த்தபோது, ஏறக்குறைய நான்கில் ஒருவர் இருதயக் காரணத்தால் மாண்டது தெரியவந்தது.

இவை யாவும் முடிவைச் சொல்லும் எண்கள். தொடக்கம் எங்கே என்பதற்கு விடை தந்தது, 2000-ஆம் ஆண்டு குட்மன் குழுவினர் வெளியிட்ட சிறிய ஆராய்ச்சி ஒன்று. டயாலிசிஸில் இருந்த 39 இளம் நோயாளிகளின் இருதயத் தமனிகளை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், இருபது வயதுக்குட்பட்ட 23 பேரில் ஒருவருக்குக்கூடச் சுண்ணாம்புப் படிவு இல்லை. இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட 16 பேரில் 14 பேருக்கு அது இருந்தது. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும், பள்ளிக்கூடப் பருவம் என்பது இந்நோயில் எவ்வளவு விலைமதிப்பற்ற அவகாசம் என்பது விளங்கும்.

எலும்பிலிருந்து வரும் தூது

சிறுநீரகத்துக்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம்? உணவின் வழியாகச் சேரும் பாஸ்பேட் என்ற உப்பில் மிகுதியானதை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் கடமை. அக்கடமையில் சிறு தளர்ச்சி தோன்றியவுடனேயே, எலும்புக்குள் இருக்கும் உயிரணுக்கள் எஃப்.ஜி.எஃப்-23 என்னும் ஹார்மோனைச் சுரந்து, எஞ்சியுள்ள சிறுநீரகத் திசுக்களை மேலும் உழைக்குமாறு ஏவுகின்றன. 2000-ஆம் ஆண்டில் இனங்காணப்பட்ட இந்த ஹார்மோன், ரத்தத்தில் பாஸ்பேட் உயருவதற்கு நெடுநாள் முன்பே உயர்ந்துவிடுகிறது என்பதை, அமெரிக்காவிலும் கனடாவிலும் நூற்றுக்கணக்கான சிறுநீரக நோயுற்ற பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து வரும் சிகேஐடி என்ற ஆய்வு நிரூபித்தது. அதன் செயலுக்குத் துணைநிற்கும் குளோத்தோ என்ற புரதத்தை ஜப்பானிய விஞ்ஞானி மகோட்டோ குரோ-ஓவின் குழுவினர் 1997-இல் கண்டறிந்தனர். அது இல்லாத சுண்டெலிகள் இளமையிலேயே மூப்படைந்து, ரத்தக்குழாய்கள் சுண்ணாம்பேறி மாண்டன. சிறுநீரகம் தளரத் தளர, பிள்ளைகளிடத்திலும் இப்புரதம் குறைகிறது.

சிறுநீரகத்துக்கு அனுப்பப்பட்ட ஏவல் இருதயத்தையும் தாக்குகிறது என்பதுதான் இதில் எதிர்பாராத திருப்பம். எஃப்.ஜி.எஃப்-23 மிகுந்தால் இடது இருதய அறையின் தசை நேரடியாகத் தடித்துவிடும் என்பதை 2011-இல் ஃபால் என்பவரும் அவருடைய சகாக்களும் பரிசோதனைச் சாலையில் காட்டினர். அது மிகுந்த பிள்ளைகளிடத்தில் தடித்த இருதயம் கூடுதலாகக் காணப்படுவதைப் பின்னர் சிகேஐடி ஆய்வும் எடுத்துரைத்தது.

ரத்தக்குழாய்களின் கதை இதைவிடச் சூட்சுமமானது. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ருக்ஸானா ஷ்ரோஃப், பிள்ளைகளுக்குச் செய்யப்பட்ட அறுவைச் சிகிச்சைகளின்போது கிடைத்த சிறு தமனித் துண்டுகளைப் பரிசோதித்து, டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பே அவற்றில் கால்சியம் சேரத் தொடங்கியிருப்பதையும், டயாலிசிஸ் தொடங்கிய பின் சுவரின் தசையணுக்கள் மடிந்து அவ்விடத்தில் சுண்ணாம்பு வேகமாக ஏறுவதையும் கண்டார். முதியோருக்குக் கொழுப்பு அடைத்துக்கொண்டு குழாயின் உட்புறம் குறுகுவது போன்றதன்று இது. குழாய் திறந்தே இருக்கிறது, ஆனால் சுவர் விறைத்துப்போகிறது. விறைத்த குழாய்க்குள் ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தத்தை உந்தித் தள்ள வேண்டிய இருதயம், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தகுதிக்கு மீறிய உயரத்துக்கு நீரேற்றும் மோட்டாரைப் போல, இரவும் பகலும் மிகையாக உழைத்து, தடித்து, ஒருநாள் தளர்ந்துபோகிறது. ஐரோப்பாவில் 2009-இல் தொடங்கி 12 நாடுகளின் பிள்ளைகளை ஆராய்ந்த 4சி என்ற ஆய்வில், கழுத்துத் தமனிச் சுவரின் கனத்தையும் நாடியலை ஓடும் வேகத்தையும் அளந்து இந்த விறைப்பைக் கணக்கிட்டார்கள்.

எதை அளப்பது, எதை விடுவது?

இத்தனை குறிகள் இருக்கும்போது எல்லாவற்றையும் அளந்துவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஒரு குறி நோயை முன்னறிவிப்பது வேறு, அதைக் கொண்டு சிகிச்சையை மாற்றுவது வேறு. எஃப்.ஜி.எஃப்-23 பரிசோதனை விலை மிகுந்தது. அது உயர்ந்திருக்கிறது என்று தெரிந்தாலும், வைத்தியர் செய்யப்போவது பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்துவதுதான். இருதயச் சுமையைக் காட்டும் என்.டி.-புரோ-பி.என்.பி. என்ற புரதமோ, சிறுநீரகம் அதைக் கழிக்கத் தவறுவதனாலும் உயரக்கூடியது. உடலின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ஒரு சாதாரணக் காய்ச்சலிலும் ஏறும். ஆராய்ச்சிக்கு இவை இன்றியமையாதவை. உத்தமபாளையத்திலிருந்து வரும் ஏழைத் தாயிடம் இவற்றுக்காகக் கடன் வாங்கச் சொல்வது நியாயமாகாது. அதே பணத்தில், கீழே பெட்டியில் குறித்தவற்றைப் பலமுறை பார்த்துவிடலாம்.

பெட்டிச் செய்தி: சொற்பச் செலவில் பேசும் குறிகள்

சிறுநீரில் புரதம்: நனைத்து நிறம் பார்க்கும் பட்டி போதும். புரதம் கழிவது சிறுநீரகச் சேதத்துக்கும், பிற்கால இருதய அபாயத்துக்கும் ஒருங்கே சாட்சி.

ஹீமோகுளோபின்: சிறுநீரகம் சுரக்க வேண்டிய எரித்ரோபாய்ட்டின் குறைவதால் வரும் சோகை, டானிக்கால் மட்டும் தீராது, நீடித்தால் இருதயம் பெருக்கும்.

பாஸ்பேட், கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின்-டி: பிள்ளைகளுக்குப் பாஸ்பேட்டின் இயல்பு அளவு பெரியவர்களைவிட உயர்ந்தது, எனவே இங்கும் சீட்டில் அச்சான எல்லையை நம்பலாகாது.

எக்கோ என்ற இருதய ஸ்கேன்: இடது அறைச் சுவர் தடித்திருக்கிறதா என்பதை ஊசி குத்தாமலே காட்டிவிடும்.

ரத்த அழுத்தம்: எல்லாவற்றிலும் மலிவானது, எல்லாவற்றிலும் அதிகமாகப் புறக்கணிக்கப்படுவது.

கையில் சுற்றும் பட்டை

கடைசியாகச் சொன்னதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் இந்நோயில் நம்மால் உடனே திருத்தக்கூடிய குறையும், திருத்தினால் பெரும் பலன் தரும் குறையும் இதுவே.

பிள்ளைக்கு ரத்த அழுத்தமா என்று வியப்பவர்கள் இன்றும் பலர். வியப்பு நீங்கி அளக்க முன்வந்தாலும், பெரியவருக்குரிய அகலமான பட்டையைச் சின்னஞ்சிறு புஜத்தில் சுற்றினால், அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும். நோய் இருந்தும் இல்லை என்ற பொய்ச் சமாதானம் கிடைக்கும். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பையின் அகலம், புஜத்தின் சுற்றளவில் ஏறக்குறைய நூற்றில் நாற்பது பங்கு இருக்க வேண்டும். அளந்த பிறகும், 120/80 என்று நாம் மனப்பாடம் செய்துள்ள எண்ணை வைத்து ஆறு வயதுப் பிள்ளையை எடைபோடலாகாது. வயது, உயரம், ஆண் பெண் என்ற பேதம் ஆகியவற்றுக்கேற்ப அமைந்த அட்டவணையைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மருத்துவமனையில் அளக்கும்போது சரியாக இருந்து, வீட்டிலும் உறக்கத்திலும் உயர்ந்துவிடும் மறைவான ரத்த அழுத்தம், இருபத்துநான்கு மணிநேரமும் கருவியைக் கையில் கட்டி அளந்த சிகேஐடி பிள்ளைகளில் 38 சதவீதத்தினரிடம் காணப்பட்டது. அழுத்தம் முற்றிலும் இயல்பாக இருந்த பிள்ளைகளில் 8 சதவீதத்தினருக்கே இருதயத் தசை தடித்திருந்தது. மறைவான அழுத்தமுள்ளவர்களில் அது 20 சதவீதம். எங்கும் எப்போதும் உயர்ந்தவர்களில் 34 சதவீதம்.

நல்ல செய்தி என்னவெனில், இது மாற்றக்கூடிய விதி. ஐரோப்பாவின் 33 மருத்துவமனைகளில் 385 பிள்ளைகளை ஐந்தாண்டுகள் கவனித்து 2009-இல் வெளியான எஸ்கேப் என்ற ஆய்வில், எல்லாருக்கும் ராமிப்ரில் மாத்திரை கொடுத்து, ஒரு பாதியினருக்கு மட்டும் அழுத்தத்தை வழக்கத்தைவிடத் தாழ்வான எல்லையில் நிறுத்தினர். சிறுநீரகத் திறன் பாதியாகக் குறைதல் அல்லது முற்றும் செயலிழத்தல் என்ற துர்ப்பாக்கியம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 41.7 சதவீதத்தினரையும், கண்டிப்பான கட்டுப்பாட்டில் இருந்தவர்களில் 29.9 சதவீதத்தினரையும் பிடித்தது. அவ்வாய்வில் சேர்ந்த ஒரு பகுதிப் பிள்ளைகளின் இருதயத்தையும் தொடர்ந்து பார்த்தபோது, தடித்த தசை மீண்டும் மெலிவதும் கண்டறியப்பட்டது. ராமிப்ரிலும் எனலாப்ரிலும் மலிவான, எங்கும் கிடைக்கும் மாத்திரைகள். ஆனால் வாந்திபேதி கண்ட நாளில் தொடர்ந்தால் ஆபத்து விளைவிப்பவை, ரத்தத்தில் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடியவை. ஆதலால் வைத்தியர் கண்காணிப்பிலேயே கொடுக்க வேண்டும்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ஊழியர்கள் வீடுதோறும் சென்று முதியோரின் அழுத்தத்தை அளந்து மாத்திரை கொடுக்கிறார்கள்; வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு அதற்கான திரவப் பைகளையும் சேர்க்கிறார்கள். அதே ஊழியரின் பையில் சிறுவர்க்கான பட்டை ஒன்றும் இருக்குமானால், தாத்தாவை அளக்க வந்த வேளையில், சிறுநீரக நோயுள்ள பேரனையும் அவன் வீட்டுத் திண்ணையிலேயே அளந்து குறித்துவிடலாம். மருத்துவமனையில் தலைகாட்டாத அழுத்தம் அங்கே தலைகாட்டும். இதற்குப் புதிய ஸ்தாபனம் எதுவும் வேண்டியதில்லை.

பள்ளத்தாக்கின் சாப்பாடு

முல்லைப் பெரியாற்று நீரால் செழித்த இந்நிலத்தின் பெருமைகளான வாழையும் தென்னையும், சிறுநீரகம் மிகவும் தளர்ந்த பிள்ளைக்கு எதிரிகளாகக்கூடும் என்பதைச் சொல்வது வருத்தமானதே. நோயாளியைப் பார்க்கச் செல்பவர் ஒரு சீப்பு வாழைப்பழமும் இரண்டு இளநீரும் கொண்டுசெல்வது நம் ஊர் மரியாதை. அவ்விரண்டிலும் பொட்டாசியம் மிகுதி. கழிய வழியின்றி அது ரத்தத்தில் ஏறினால், பல ஆண்டுகள் காத்திராமல் அன்றே இருதயத்தின் தாளத்தைக் குலைத்து நிறுத்திவிடவும் கூடும். எல்லாப் பிள்ளைகளுக்கும் இத்தடை இல்லை. சில பிறவிக் கோளாறுகளில் உப்பும் நீரும் மிகையாகக் கழிவதால், அவர்களுக்கு உப்பைக் குறைப்பதே தீங்காகும். ஆகவே அக்கம்பக்கத்தார் சொல்லும் பத்தியத்தைவிட, அவ்வப்போது எடுக்கும் ரத்தப் பரிசோதனையே வழிகாட்டியாக வேண்டும்.

கருவாடு, அப்பளம், ஊறுகாய் ஆகியவற்றின் உப்பு அழுத்தத்தை உயர்த்துவது பலரும் அறிந்தது. பாட்டிலில் அடைத்த கறுப்புக் குளிர்பானங்களிலும், பதப்படுத்திப் பொட்டலமிட்ட தின்பண்டங்களிலும் சேர்க்கப்படும் பாஸ்பேட்டை அறிந்தவர் குறைவு. பருப்பிலும் தானியத்திலும் உள்ள பாஸ்பேட்டில் ஒரு பகுதியே உடலில் சேருகிறது. செயற்கையாகச் சேர்த்தது ஏறக்குறைய முழுவதும் சேர்ந்துவிடுகிறது. பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் வாங்குவதை நிறுத்துவது, வீட்டுச் சமையலில் பருப்பை நிறுத்துவதைவிடப் பயன் தரும். வளரும் பிள்ளைக்குப் பருப்பும் பாலும் முட்டையும் அளவோடு வேண்டும். பெரியவருக்கு எழுதிய பத்தியத்தைப் பிள்ளைக்கும் பிரயோகித்து, வளர்த்தி குன்றவிடுவது தகாது.

க.விலக்கு முதல் எழும்பூர் வரை

பிள்ளைகளுக்கு இந்நோய் வரும் வழி பெரியவர்களுடையதைப் போல நீரிழிவு அன்று. பிறவியிலேயே சிறுநீர்ப் பாதை சரிவர அமையாததே தலையாய காரணம். ஆண் குழந்தையின் சிறுநீர் வீச்சாக வராமல் சொட்டுச் சொட்டாக வருவது, காரணம் தெரியாத காய்ச்சல் திரும்பத் திரும்ப வருவது, முகவீக்கம், உயரம் ஏறாமை ஆகியவை பெற்றோர் கவனிக்க வேண்டியவை. கருவுற்ற காலத்து ஸ்கேனில் குழந்தையின் சிறுநீரகம் வீங்கியிருப்பதாக எழுதப்பட்டிருந்தால், அந்தச் சீட்டைப் பிரசவத்தோடு தூக்கி எறிந்துவிடலாகாது.

கம்பத்திலிருந்து தேனிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அதற்கும் கிழக்கே, ஆண்டிபட்டிச் சாலையில், அரசு மருத்துவக் கல்லூரி க.விலக்கில் இருக்கிறது. அதற்கு அப்பால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. அதற்கும் அப்பால் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை. 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சையை வெற்றிகரமாக நடத்திக் காட்டிய மாநிலம் இது. முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் அச்சிகிச்சைக்கும் கைகொடுக்கிறது. ஆயினும் திராட்சைத் தோட்டத்தில் அன்றாடக் கூலிக்குப் போகும் தாய்க்கு, ஒவ்வொரு பரிசோதனை நாளும் கூலியில்லா நாள். மூன்று மாதத்துக்கொரு முறை மதுரைக்கு வா என்று சொல்வதைவிட, கம்பம், சின்னமனூர், பெரியகுளம் அரசு மருத்துவமனைகளிலேயே ரத்தமும் சிறுநீரும் எடுத்து அழுத்தத்தையும் குறித்து, முடிவை மட்டும் சிறுநீரக வைத்தியருக்கு அனுப்பிவைப்பது எளிது. ஆண்டுக்கொரு முறை எக்கோவுக்கு மட்டும் பிள்ளை பிரயாணம் செய்தால் போதும். பரிசோதனைச் சாலைகள் சீட்டில் வயதுக்குரிய இயல்பு அளவை அச்சிடுவதற்கோ, பிள்ளையின் உயரத்தைக் கேட்டு மேற்சொன்ன கணக்கைப் போட்டுத் தருவதற்கோ செலவு ஏதுமில்லை.

பன்னிரண்டு வயதுக்குப் பிறகு

அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் பன்னிரண்டு வயதோடு குழந்தைகள் பிரிவின் பாதுகாப்பு முடிந்து, பிள்ளை பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றப்படுகிறான். பழகிய வைத்தியர் இல்லை, வரிசை நீளம், மாத்திரையின் அருமை தெரியாத வயது. சில ஆண்டுகளில் அவன் திருப்பூருக்கோ கேரளத்துக்கோ வேலைக்குப் போய்விடுகிறான். அழுத்தத்துக்கான மாத்திரை நின்றுவிடுகிறது, ஏனெனில் உடம்பில் ஒன்றும் தெரிவதில்லை. குட்மன் கண்ட அந்த இருபதிலிருந்து முப்பது வரையிலான பருவத்துக்குள் அவன் கண்காணிப்பார் எவருமின்றி நுழைகிறான். பெண்ணாக இருந்தால், கலியாணம் பேசுகிறவர்களிடம் நோயை மறைப்பதற்காக வைத்தியமே நிறுத்தப்படுவதும், எனலாப்ரில் போன்ற மாத்திரைகள் கருவுக்குத் தீங்கானவை என்று யாரும் எடுத்துச் சொல்லாததும் சேர்ந்துகொள்கின்றன.

ஆகவே பிள்ளை ஒரு பிரிவிலிருந்து மற்றொரு பிரிவுக்கு மாறும் நாளில், அவனோடு ஒரே ஒரு தாளாவது போக வேண்டும்: நோயின் காரணம், கடைசி மூன்றாண்டுகளின் உயரம், எடை, கிரியேட்டினின், ரத்த அழுத்தம், கடைசி எக்கோவில் இடது அறைச் சுவரின் கனம், உண்ணும் மாத்திரைகள், உண்ணக்கூடாத வலிநிவாரணிகள். அதைத் தமிழிலும் எழுதி, ஒரு பிரதியை அவன் தாயிடமும், இன்னொன்றை ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடமும் கொடுத்து, அடுத்த பரிசோதனைத் தேதிக்கு அவன் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்கும் பொறுப்பை அச்செவிலியரிடம் ஒப்படைக்க வேண்டும்.